சசி வந்தாச்சு: பாலினம் நெகிழும் நாயகரோடு ஒரு சிங்கப்பூர்க் காதல் நாவல்

தமிழில் ஒரு காதல் நாவல் எழுத உட்கார்கிறீர்கள். நாயகர் பெயர் சசி. வயது 33. அடையாள அட்டையில் ஆண். சில நாள் ஆணாகவும் சில நாள் பெண்ணாகவும் சில நாள் இரண்டிலும் சேராமலும் தன்னை உணர்கிறவர். காதலிப்பது பிரபு என்கிற ஆணை. முதல் வாக்கியம் தொடங்குகிறது: "சசி கதவைத் திறந்து உள்ளே வந்..." அங்கேயே கை நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குச் சுட்டுப்பெயர் ஒன்றை முடிவு செய்தால் போதும். நமக்கு ஒவ்வொரு வினைமுற்றும் ஆணா பெண்ணா என்று கேட்கும்.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் பால் ஈறுகளையே அவை ஏற்று வரும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. இலக்கணம் கைவிட்ட இடத்தில் கதை சொல்கிறவர்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். வழிகள் இருக்கின்றன, நல்ல வழிகளே இருக்கின்றன.

அதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். சசியின் நெகிழ்வைக் கதையின் ரகசியமாக வைக்காதீர்கள். பாதி நாவல் வரை மறைத்து வைத்து, பீரோவில் சேலையைப் பிரபு கண்டுபிடிக்கும் காட்சியில் உடைப்பது மிகப் பழைய உத்தி. அது சசியை ஓர் ஏமாற்றுக்காரராக்கிவிடும். முதல் பத்துப் பக்கத்துக்குள் வாசகருக்கும் பிரபுவுக்கும் தெரிந்துவிடட்டும். பிறகு இருவரும் சண்டை போட ஆயிரம் காரணம் இருக்கிறது: பணம், அம்மா, வேலை, விசா, யார் முதலில் மன்னிப்புக் கேட்பது. காதல் கதையின் முடிச்சு இரண்டு பேரின் குணத்திலிருந்து வர வேண்டும். ஒருவரின் பாலினத்திலிருந்து வந்தால், கடைசியில் 'ஏற்றுக்கொண்டான்' என்பதே உச்சக்கட்டமாகிவிடும். ஏற்றுக்கொள்வது காதலின் முதல் படி. அதை 200ஆம் பக்கத்தில் வைத்தால் அதுவரை அங்கே காதலே இல்லை என்றுதான் பொருள்.

இனி வினைமுற்று.

முதலில் எல்லோர் கையும் 'அவர்' என்பதற்குத்தான் போகும். மரியாதையானது, பால் காட்டாதது. செய்து பாருங்கள்: "சசி வந்தார். நாற்காலியில் அமர்ந்தார். பிரபுவைப் பார்த்துச் சிரித்தார்." அமைச்சர் சமூக மன்றத்துக்கு வந்துபோன செய்தி போல இருக்கும். 'அவர்' இருவருக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டுவிடுகிறது. போதாததற்கு, மனைவி கணவனைச் சொல்லும் 'அவர்' என்ற சாயலும் நம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுரைக்கு 'அவர்' சரி, நானும் இங்கே அதைத்தான் எழுதுகிறேன். காதல் காட்சிக்கு அது ஆகாது.

பேச்சில் நிலைமை வேறு. 'அவங்க' என்பது நம் வாயில் இயல்பாக வரும் சொல். "சசி வந்துட்டாங்களா?" என்று ஒரு தோழி கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சசியின் நட்பு வட்டம் முழுவதும் 'அவங்க' போடட்டும். அலுவலகத்தில் 'பாஸ்', 'ப்ரோ'. பாட்டி பேரப்பிள்ளையை 'அது' என்பாள்: "அது இன்னும் சாப்பிடல." பாட்டி வாயில் அது கொஞ்சல். அதே 'அது' வெளியாள் வாயில் திருநர்களை நோக்கி வரும்போது வசை. இரண்டையும் ஒரே நாவலில் வைக்கலாம். ஆனால் பாட்டியின் 'அது' முன்னால் வந்து வாசகர் காதில் அன்பாகப் பதிந்திருந்தால்தான், பின்னால் வருவது சுடும்.

எடுத்துரைப்புக்கு நான் பரிந்துரைப்பது இரட்டைப் பார்வை. சசியின் அத்தியாயங்கள் தன்மையில்: வந்தேன், பார்த்தேன், பயந்தேன். தன்மை வினைக்குப் பால் இல்லை. பிரபுவின் அத்தியாயங்கள் படர்க்கையில், அவன் கண் வழியாக. அவன் கண்ணில் சசி அன்று யாரோ அதுவே வினைமுற்று. இப்படிப் பிரித்தால், பால் ஈறு ஆசிரியர் ஒட்டும் முத்திரையாக இல்லாமல் பிரபு சசியைக் கவனிக்கும் விதமாகிவிடும். அவன் ஈறைத் தவறவிடும் நாள் அவன் கவனம் தவறிய நாள். வேலைப் பளுவில் நாலு நாளாக அவன் 'வந்தான்' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான், சசி கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றால், பிரிவுக்கு முந்தைய அத்தியாயம் அங்கே தயார்.

பிரபுவின் அத்தியாயத்தில் ஈறு மாறும்போது இரண்டு விதிகள். மாற்றம் காட்சி மாறும் இடத்தில் நிகழட்டும், ஒரு காட்சிக்கு நடுவே வேண்டாம். நடுவே மாறுவது வாழ்க்கையில் உண்டு. ஆனால் வாசகர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். அதை வைத்தே ஒரு காட்சி எழுதினால் ஒழியத் தவிர்த்துவிடுங்கள். அடுத்தது, முதல் வினைமுற்றுக்கு முன்பே ஓர் அடையாளம் வந்துவிட வேண்டும்: காலை வாட்ஸ்அப் செய்தியில் ஒரு சொல், இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிய மோதிரம், எதுவானாலும் சரி. அது எப்போதும் உடையாகவே இருந்தால் தவறு. பாலின நெகிழ்வை உடை மாற்றமாகச் சுருக்குவதுதான் இந்த வகைக் கதைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நாளிலும் சசி பெண்ணாக இருக்கலாம். அதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிவிட முடியும்: "சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினாள்." விளக்கமே வேண்டாம், அந்த 'ஆள்' என்ற ஈறு போதும். நமக்குத் தொல்லை தந்த அதே ஈறு இங்கே நமக்காக வேலை செய்கிறது.

இரண்டிலும் சேராத நாட்களுக்குத்தான் கைத்திறன் வேண்டும். தமிழில் பால் காட்டாத வினைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். வரவில்லை, வர வேண்டும், வரலாம், வர முடியாது. பேச்சில் வந்தாச்சு, சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு. எல்லாவற்றையும்விட நான்காம் வேற்றுமை: சசிக்குப் பிடிக்கும், தெரியும், புரியும், வலிக்கும், பசிக்கும், போதும், வேண்டும். மனம் சம்பந்தப்பட்ட வினைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கம்தான் நிற்கிறது. காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னே சொன்ன காட்சியை இப்படி எழுதலாம்:

"கதவுச் சத்தம் கேட்டுப் பிரபு திரும்பினான். சசி. ஒரு கையில் ஈரக்குடை, மறுகையில் தேக்காவில் வாங்கிய மல்லிகைப் பொட்டலம். செருப்பைக் கழற்றுவதற்குள் சசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நீ இன்னும் சாப்பிடலையா?'"

சசியைக் குறித்த எந்த வினையிலும் பால் இல்லை; எதுவும் வலிந்து ஒட்டியதாகவும் தெரியவில்லை. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. மூன்று பக்கம் இப்படியே போனால் சசி எதையும் செய்யாத ஆளாகிவிடுவார். எல்லாம் சசிக்கு 'நேரும்', சசி எதையும் 'செய்ய' மாட்டார். பரிகாரம், செயல்களை எச்சங்களாகக் கோத்துவிட்டுக் கடைசியில் மட்டும் பால் காட்டாத முடிவுக்கு வருவது: "குடையை உதறி, பூவைப் பிரித்து, நேராகச் சமையலறைக்குப் போன சசியின் குரல் அங்கிருந்தே கேட்டது." உதறியது, பிரித்தது, போனது எல்லாம் சசிதான். இதற்கும் ஓர் அளவு இருக்கிறது. இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு நடுவே பேச்சை நிறைய விடுங்கள். 'நீ'க்கும் 'உன்'னுக்கும் பால் கிடையாது.

'டா', 'டி'க்கு உண்டு. இந்த இரண்டு எழுத்தில் ஒரு காதலின் மொத்த வரைபடத்தையும் போடலாம். பிரபு முதலில் எல்லோரையும் போல 'டா' போடுகிறான். நண்பர்களுக்குள் பெண்ணையும் 'டா' என்று செல்லமாகக் கூப்பிடுவது சகஜம் ஆகிவிட்டதால் அது சசியைக் குத்தாது. என்றைக்கு முதன்முதலாக 'டி' வருகிறது, யார் முன்னால் வருகிறது, அதைக் கேட்ட சசி என்ன செய்கிறார் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். கிட்டத்தட்ட முதல் முத்தத்துக்குச் சமமான இடம் அது. தற்செயலாக எங்கேயாவது சிந்திவிடக் கூடாது.

இப்போது பலர் தொடாமல் விடும் கேள்வி. பிரபு ஆண்களை விரும்பும் ஆண். சசி பெண்ணாக இருக்கும் நாளில் அவனுக்கு என்ன ஆகிறது? 'அன்புக்குப் பாலினம் இல்லை' என்று ஒரு வரியில் தாண்டிப் போனால் வாசகர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. அவன் தடுமாறட்டும். முதல் முறை கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியாமல் போகட்டும். 'அப்ப நான் யாரு?' என்ற கேள்வி அவனுக்குள் வரட்டும். திருச்சியில் அண்ணன்களுக்கு நடுவே ஒளித்துக் காத்த ஓர் அடையாளம் இத்தனை கஷ்டப்பட்டு வெளியே வந்தபின் மறுபடி ஆடுகிறதே என்ற கோபம்கூட நியாயமானதுதான். ஆனால் அந்தத் தடுமாற்றத்தைச் சசி தலையில் கட்டக் கூடாது. அவனே தன் அத்தியாயத்தில் யோசித்துத் தீர்க்க வேண்டும். எந்த நாளிலும் மாறாதவை என்னென்ன என்று ஒவ்வொன்றாக அவன் கண்டுபிடிப்பதில் காதல் வளரும்: மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வரிசையாக அடுக்கும் பழக்கம், தூக்கம் வரும்போது கட்டைவிரலைத் தேய்ப்பது, தப்புச் சொல்லிவிட்டால் உடனே 'சாரி சாரி' என்று இரண்டு தரம் சொல்வது. உடல் நெருக்கக் காட்சியிலும் இதே ஒழுங்கு. எந்த நாளில் எங்கே தொடலாம், எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று சசி சொல்லிவிடுவதும் பிரபு கேட்டுக்கொள்வதும் காட்சியின் பகுதியாக இருந்தால் சூடு குறையாது. கேட்டுத் தொடுகிற காதலன் நம் கதைகளில் குறைவு, அதனாலேயே அவன் நினைவில் நிற்பான்.

சிங்கப்பூர் என்றால் அடுத்த கேள்வி வீடு. இந்த ஊரில் காதல் கதையின் கதைப்போக்கை முடிவு செய்வது, அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) விதிகள். திருமணமாகாதவர் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து ஒற்றையர் எந்த வட்டாரத்திலும் புதிய ஈரறை ஃப்ளெக்ஸி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 35ஐத் தாண்டிய இரண்டு ஒற்றையர் சேர்ந்தும் வாங்கலாம், ஆனால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். பிரபு வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவன். ஆகவே சசியை 33இல் வைத்தால் இரண்டு வருடக் காத்திருப்பு கதைக்குள் தானாக வந்துவிடும். 36இல் வைத்தால் அது வேறு நாவல். அதுவரை இருவரும் சந்திப்பது எங்கே? பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புளோக்கின் கீழ்த்தளத்தில், பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கும்போது, பிரபு வாடகைக்கு இருக்கும் அறையில், அதுவும் அறைத் தோழன் இரவு ஷிஃப்டில் இருக்கும்போது. முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தால் குறைந்தது 6 மாத ஒப்பந்தம். "ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போடுவோமா?" என்று பிரபு கேட்பது இந்த ஊரில் ஒரு திருமணக் கோரிக்கைக்கு நிகர்.

ஆண்டையும் முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 1938இல் வந்தது. அதை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் 2022 நவம்பர் 29 அன்று நிறைவேறி, 2023 ஜனவரி 3 அன்று நடப்புக்கு வந்தது. கூடவே, திருமணத்தின் வரையறையை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் அரசமைப்புத் திருத்தமும் வந்தது. 2021இல் நடக்கும் கதையில் மூத்த தலைமுறைப் பாத்திரம் ஒன்றின் பேச்சில் இருக்கும் ஒதுக்கம் 2024 கதையில் வேறு விதமாகத்தான் வரும். இந்தியாவில் அந்த உறவு குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6இல் வந்துவிட்டது. ஆக 2021 கதையில் பிரபு, சட்டம் மாறிய ஊரிலிருந்து மாறாத ஊருக்கு வந்தவன். அந்த முரணைப் பயன்படுத்துங்கள்.

பாலினச் சிறுபான்மையினருக்கு ஆதரவாக ஹொங் லிம் பூங்காவில் 2009 முதல் நடக்கும் பிங்க் டாட் கூட்டத்தை நாவலில் வைக்காதவர் குறைவு. வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். 2017இலிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உள்ளே போகலாம். பிரபுவால் போக முடியாது. இருவரும் கைகோத்துக் கூட்டத்தில் நிற்கும் காட்சி எழுதினால் உள்ளூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். வேலிக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் பிரபுவும், உள்ளே இளஞ்சிவப்புச் சட்டையில் சசியும், நடுவே கைப்பேசியும் என்பது உண்மை. காட்சியாகவும் அதுவே வலுவானது.

சிறு சிறு தாள்களில்தான் பாலினம் அடிக்கடி இடறும். சிங்கப்பூர் இந்தியர் பலரின் பெயரில் அடையாள அட்டையிலேயே எஸ்/ஓ, டி/ஓ நிற்கும். சசி என்ற பெயர் இருபாலுக்கும் பொதுவாக இருந்தும் பயனில்லை, தந்தை பெயருக்கு முன்னால் உள்ள அந்த எழுத்து சொல்லிவிடும். மதி, ஜோதி, கிருபா, அன்பு, மணி எல்லாம் இதே வகையில் நல்ல பெயர்கள். ஆண்களுக்குக் கட்டாயமான, சீருடை அணியும் தேசிய சேவையையும் விடாதீர்கள். முழுநேரச் சேவை இரண்டு வருடம், பிறகு ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை ரிசர்விஸ்ட் என்னும் மறுபயிற்சி. முகாமுக்குக் கிளம்பும் முந்தின இரவு சசி நகப்பூச்சைத் துடைக்கிறார். அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் சிறிது நேரம் அழுத்தி வைத்துவிட்டு இழுக்க வேண்டும். தேய்த்தால் நிறம் நகக்கண்ணில் இறங்கிவிடும். பத்து விரலையும் பிரபு துடைத்துவிடட்டும். பெரிய வசனம் எதுவும் அங்கே தேவைப்படாது.

அலங்காரத்தைப் பற்றி எழுதுவதானால் சரியாக எழுதுங்கள். கண்ணாடி முன் மூன்று பக்க வருணனை வேண்டாம், ஒரு நுணுக்கம் போதும். மழித்த தாடியின் நீலநிழலை வெறும் ஃபவுண்டேஷன் மறைக்காது, சாம்பல் பூத்தாற்போலக் காட்டும்; அடியில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லியதாகத் தட்டிவிட்டு மேலே பூச வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பவுடர் போட்டு இறுக்காவிட்டால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் போவதற்குள் உருகும். ரவிக்கைக்குத் தேக்கா சந்தை மாடியில் தையற்காரரிடம் போனால் வழக்கமான அளவு எடுப்பில் தோள் பிடிக்கும், மார்பில் துணி சுருங்கும். டாட் மடிப்பைக் குறைத்து, கப் வைத்து, தோளைத் தளர்த்தித் தைக்கச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரை ஏறிட்டுப் பார்க்காமல் "கை எத்தன இஞ்ச் வேணும்?" என்று மட்டும் கேட்கும் தையற்காரர் ஒரு நல்ல துணைப்பாத்திரம்.

சடங்குகள் நம் கதைகளின் செல்வம், ஆனால் எதை எடுப்பது என்று பார்க்க வேண்டும். அர்த்தநாரீஸ்வரரையும் கூவாகத்தையும் எல்லோரும் எடுக்கிறார்கள். கூவாகம் திருநங்கைகளின் திருவிழா. அதைப் பாலின நெகிழ்வுக்கு ஆதாரமாக இழுப்பது இருவருக்கும் நியாயம் அல்ல. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலின் தீமிதியில் ஆண்கள் மட்டுமே இறங்குவார்கள், தைப்பூசத்தில் பால்குடம் ஆணும் பெண்ணும் எடுப்பார்கள்; இந்த இரண்டில் சசியின் அம்மா எதற்கு நேர்ந்துகொள்கிறாள் என்பதில் ஒரு நல்ல அத்தியாயம் இருக்கிறது. ஆனால் நான் தேர்ந்தெடுப்பது காதணி விழா. அக்கா பிள்ளைக்குக் காது குத்து. பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். தாய்மாமன் சசி. அக்கா முதல் வாரமே கேட்கிறாள்:

"அன்னிக்கு நீ எப்படி வருவே?"

"தெரியல அக்கா. ஆனா மடி என்னோடதுதான்."

விழா நாள். சீர்த்தட்டை எடுத்து வந்த சசி அன்று பட்டுச்சேலையில். பத்தர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு "தாய்மாமன் எங்கம்மா?" என்கிறார். சொந்தக்காரர்கள் பாயைப் பார்க்கிறார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சசி மடியில் வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "உக்காந்தாச்சு அண்ணே, நீங்க குத்துங்க." இந்தக் காட்சியில் யாரும் சசிக்காக வாதாடவில்லை. வேலை நடக்கிறது. குழந்தை அழுகிறது. எதிர்ப்பக்கத்தில் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிரபுவை யாரோ ஒரு பெரியம்மா "தம்பி யாரு?" என்று கேட்கட்டும், அதற்கு என்ன பதில் வருகிறது என்பது அடுத்த அத்தியாயத்தின் சண்டை.

முடிவு இனிமையாக இருக்க வேண்டும். காதல் நாவல் வாசகருக்கு நீங்கள் தரும் வாக்கு அது. சட்டப்படி திருமணம் இல்லை, அதனால் குடிமக்களின் கணவன் மனைவிக்கான நீண்டகால வருகை பாஸும் பிரபுவுக்குச் சசி வழியாகக் கிடையாது என்ற நாட்டில் இனிய முடிவு எது? பிரபுவின் பாஸ் புதுப்பிக்கப்படுவது, 35 முடிந்த சசி கையில் சாவி, இருவர் பெயரையும் ஒட்டிய கடிதப்பெட்டி. சசியைக் கொல்லாதீர்கள், நாடு கடத்தாதீர்கள், தனியாக விடாதீர்கள். அளவு என்று கேட்டால் தமிழில் 45,000 சொல் போதும். பிரிவு முக்கால் பங்கில் வரட்டும். அதற்குப் பின் சேர்வதற்குக் குறைந்தது நாலு அத்தியாயமாவது கொடுங்கள். பிரிவைக் கண்ணீர்விட்டு எழுதிவிட்டுச் சேர்வதை இரண்டு பக்கத்தில் முடிப்பது நம் பொதுவான பலவீனம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. தனித்தாளில் அத்தியாயம் வாரியாகக் குறித்து வையுங்கள்: என்ன நாள், யார் பார்வை, சசிக்கு எந்த ஈறு, யார் டா, யார் டி, யார் அவங்க. சென்னையில் அச்சடிப்பதாக இருந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் 'கிளம்பினாள்' என்பதை நல்ல எண்ணத்தோடே 'கிளம்பினான்' என்று திருத்திவிடுவார், அதுவும் புத்தகம் முழுக்க ஒரே சீராக. அந்தத் தாளைக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள், திரும்பி வந்ததும் அதை வைத்தே ஒரு முறை வரி வரியாகச் சரிபாருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வெளியிட்டால், சொந்தப் பதிப்பானாலும், வெளியான 4 வாரத்துக்குள் 2 படிகளை அங்கே ஒப்படைத்துவிடுங்கள்.